இயற்கை, அங்ககம், செயற்கை: ஒரு சொல்லாராய்ச்சி

கடைத்தெருவில் இன்று 'இயற்கை' என்ற சொல் ஒட்டப்படாத பொருளைக் காண்பது அரிதாகிவிட்டது. நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய், சத்துமாவு, பழச்சாறு என எதை எடுத்தாலும் உறையின்மீது ஒரு பச்சை இலையும் அச்சொல்லும் தவறாமல் இருக்கின்றன. சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் அதைச் சற்று உரசிப் பார்க்க வேண்டாமா?

சிக்கல் மொழிபெயர்ப்பில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் 'நேச்சுரல்' வேறு, 'ஆர்கானிக்' வேறு. நாமோ இரண்டையும் 'இயற்கை' என்றே வழங்குகிறோம். சட்டம் அவ்வாறு கருதவில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, 'நேச்சுரல்' என்று குறிக்கப்படுவது தாவரம், விலங்கு, கனிமம், நுண்ணுயிர் இவற்றுள் ஒன்றிலிருந்து கிடைத்த தனி உணவாக இருக்க வேண்டும். அதில் எதுவும் சேர்க்கப்படலாகாது. உண்பதற்கு ஏற்றதாக்கும் அளவுக்கே பதப்படுத்தப்பட வேண்டும். பல பொருள்களைக் கலந்த சத்துமாவை நேரடியாக அப்படி அழைக்க இடமில்லை. ஆனால் அந்தத் தானியம் விளைந்த வயலில் என்ன தெளித்தார்கள் என்பதற்கு இந்தச் சொல்லில் விடை கிடையாது.

வயலைப் பற்றிப் பேசுவது 'ஆர்கானிக்'. 2017ஆம் ஆண்டு விதிகள் அதற்குச் சான்றிதழ் கோருகின்றன. நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆண்டுப் பயிர் என்றால் பொதுவாக ஈராண்டு மாற்றக் காலம் கழிய வேண்டும். அப்போதும் 'மருந்தே அடிக்காதது' என்று பொருளில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவைக்குக் கட்டுப்பாடுகளுடன் அனுமதி உண்டு. சான்றிதழ் உறுதி கூறுவது விளைவித்த முறைக்கே; சுவைக்கும் சத்துக்கும் அன்று.

'ஆர்கானிக் வேளாண்மை' என்ற தொடரை 1940இல் தம் நூலில் எடுத்தாண்ட நார்த்போர்ன் பிரபு, பண்ணை முழுவதையும் ஓர் உயிருடலாகக் கண்டார். மண், மாடு, பயிர், மனிதர் யாவும் அதன் அங்கங்கள். தமிழக அரசு 2023இல் வெளியிட்ட கொள்கைக்கு 'அங்கக வேளாண்மைக் கொள்கை' என்று பெயரிட்டது. செவிக்குப் புதிதாயினும் மூலக் கருத்துக்கு மிக அணுக்கமான சொல் இது. வேதியியலில் அதே ஆங்கிலச் சொல் 'கரிமம்' ஆகிறது. 1828இல் வோலர் ஆய்வகத்தில் ஆக்கிய யூரியா கரிமச் சேர்மம். அங்கக வயலிலோ யூரியா உரத்துக்கு இடமில்லை!

இனிச் 'செயற்கை'. இயல்பாய் அமைவது இயற்கை, செய்யப்படுவது செயற்கை. இரண்டும் பிறப்பைக் குறிப்பவை. நன்மை தீமையைக் குறிப்பவை அல்ல. அரளி விதை இயற்கைதான். வெனிலாக் காயிலிருந்து எடுத்த வெனிலினும் ஆலையில் ஆக்கிய வெனிலினும் ஒரே மூலக்கூறு. காயில் அதனோடு வேறு பல மணப்பொருள்களும் உண்டு என்பதே வேறுபாடு. நுணுகி நோக்கின், உழவே மனிதன் செய்த செயற்கைதானே?

நம்மாழ்வார் ஊர் ஊராய் நடந்து பரப்பிய 'இயற்கை வேளாண்மை' என்ற தொடரைக் கைவிடுவதா என்று சிலர் வினவலாம். வேண்டியதில்லை. அது ஓர் இயக்கத்தின் பெயர், அவ்வாறே வாழட்டும். ஆனால் விலைச்சீட்டில் வரும் சொல் ஒரு வாக்குறுதி. ஆண்டுக்கணக்கில் விளைச்சல் இழப்பைத் தாங்கி, பதிவேடு எழுதி, ஆய்வுக்கு வயலைத் திறந்துவைத்துச் சான்று பெற்ற உழவரும், பச்சை இலையை அச்சடித்த வணிகரும் ஒரே சொல்லால் அழைக்கப்படும்போது நட்டம் முன்னவருக்கே. வாங்குபவரும் ஒன்றுக்கு விலை கொடுத்து மற்றொன்றைப் பெறுகிறார்.

ஆகவே மொழிபெயர்ப்பிலும் வகுப்பறையிலும் இச்சொற்களைப் பிரித்தாள்வோம். கடையில் 'இயற்கை' என்று கண்டால், எது இயற்கை, வயலா, ஆலையா, யார் சான்று என்று கேட்போம். விற்பவருக்கு விடை தெரியாவிட்டால், அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.