வேறு வழி இல்லையா?

சென்ற திங்கள் நம் தமிழ் மன்றத்தில் நடந்த வழக்காடு மன்றத்தை அன்பர்கள் அதற்குள் மறந்திருக்க மாட்டார்கள். 'இளவரசன் ஆர்தாஸ் குற்றவாளியா, அல்லனா?' என்பது வழக்கு. கோவலனையும் கர்ணனையும் நிறுத்திப் பேசிய மேடையில் கணினி விளையாட்டில் வரும் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவதா என்று தொடக்கத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்களே கடைசிவரை இருந்து, விடுதிக் கதவு சாத்தும் நேரம் கடந்த பின்னும் படிக்கட்டில் நின்று வாதாடினார்கள். முடிவில் நடுவர் கை தூக்கச் சொன்னார். குற்றமற்றவன் என்று தூக்கிய கைகள் மண்டபத்தை நிறைத்தன. குற்றவாளி என்றவர்களை எண்ண ஒருவருடைய இரண்டு கை விரல்களே போதும். அந்தச் சிலரில் நானும் ஒருவன். மேடையில் எனக்குக் கிடைத்தது 3 நிமிடம். அதில் பாதி ஒலிபெருக்கியோடு போராடுவதில் போயிற்று. எஞ்சியதை இங்கே சொல்கிறேன்.

விளையாடாதவர்களுக்காகக் கதையைச் சிறிது கூற வேண்டும். பிளிஸார்ட் நிறுவனத்தார் ஆக்கிய 'வார்கிராஃப்ட்' வரிசையின் மூன்றாவது விளையாட்டு 2002-இல் வெளிவந்தது. அதே உலகையும் அதே மாந்தரையும் வைத்து அவர்கள் 2004-இல் தொடங்கியதே, பல நாட்டினரும் இணையத்தில் கூடி ஆடும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. இக்கதையில் லார்டரான் என்றொரு நாடு. அதன் அரசன் மகன் ஆர்தாஸ். இளைஞன், வீரன், தன் மக்கள்மேல் உண்மையான அன்புடையவன். இதில் ஐயமே இல்லை. நாட்டில் ஒரு கொள்ளைநோய் பரவுகிறது. அந்நோய் தானியத்தின் வழியே வருவது. உண்டவர்கள் மாண்டு, பின் நடைப்பிணங்களாக எழுந்து, உற்றாரையே கொல்கிறார்கள். ஓர் ஊரில் இக்கொடுமையைக் கண்ணால் கண்டுவிட்டு ஆர்தாஸ் ஸ்ட்ராத்தோம் என்னும் நகருக்கு விரைகிறான். அவனுக்கு முன்பே தானியம் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வீடுதோறும் பங்கிட்டாயிற்று. மக்கள் இன்னும் மனிதர்களாகத்தான் நடமாடுகிறார்கள். நாளை அவர்கள் என்ன ஆவார்கள் என்பது இவனுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

நகரத்தார் அனைவரையும் கொன்றுவிட வேண்டும் என்கிறான் இளவரசன். உடன் நின்றவர் ஊதர். அவனுக்கு வாளும் அறமும் கற்பித்த ஆசான். அவர் மறுக்கிறார். நீ அரசனே ஆனாலும் இந்த ஆணையை ஏற்கமாட்டேன் என்கிறார். ஆர்தாஸ் அவரைத் துரோகி என்று பழித்துப் பதவியிலிருந்து விலக்குகிறான். ஊதர் திரும்பி நடக்கிறார். அவன் காதலித்த ஜெய்னாவும், இதைக் காண என்னால் ஆகாது என்று அகன்றுவிடுகிறாள். பிறகு நகர வாயில் திறக்கிறது.

இங்கேதான் விளையாட்டுக்கும் நாவலுக்கும் உள்ள வேற்றுமை புலப்படுகிறது. நாவலாக இருந்தால் நாம் ஏட்டைப் புரட்டிவிட்டு அவன் செய்ததற்குப் பெருமூச்சு விடலாம். இங்கே மவுஸ் நம் கையில் இருக்கிறது. வீடுகளை இடிக்கிறோம், உள்ளிருந்து ஓடி வருகிறவர்களை வெட்டுகிறோம். மால்கானிஸ் என்னும் அரக்கன் மறுபுறம் வீடு வீடாகச் சென்று மக்களைத் தன் படையில் சேர்க்கிறான். அவன் 100 பேரைக் கைக்கொள்வதற்கு முன் நாம் 100 பேரைக் கொல்ல வேண்டும். திரையின் மூலையில் இரண்டு கணக்கும் ஏறிக்கொண்டே இருக்கும். முதல் பத்து வரையில் மனம் சங்கடப்படுகிறது. அதன்பின் கணக்கு மட்டுமே கண்ணில் படுகிறது. என் அறை நண்பர் 87 ஆனபோது "ஐயோ, அவன் 90 தொட்டுவிட்டானே!" என்று கூவினார். ஸ்ட்ராத்தோம் மக்களுக்காக அவர் எழுப்பிய ஒரே ஓலம் அதுதான்!

வழக்காடு மன்றத்தில் எதிரணி நண்பர்கள் சொன்னதை நான் எளிதாக ஒதுக்கவில்லை. நோய்க்கு மருந்து இல்லை, நேரம் இல்லை, விட்டிருந்தால் நகரம் முழுவதும் பகைவனின் படையாகியிருக்கும் என்றார்கள். உண்மை. இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், அவர்கள் சொல்ல மறந்தது: ஊதரிடமும் மாற்றுத் திட்டம் எதுவும் இருந்ததாகக் கதையில் இல்லை. வேறு வழி இருக்க வேண்டும் என்றாரே தவிர, இதுதான் அந்த வழி என்று அவர் காட்டவில்லை. மறுத்துவிட்டுப் போனவர் நகரத்தைக் காப்பாற்றவும் இல்லை. என் கட்சிக்கு இது பெரிய குறை. இதை மூடி மறைத்து வெல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆயினும் ஆர்தாஸை அந்த ஒரு நாளோடு நிறுத்தி விடுதலை செய்வது எப்படி? அடுத்த காட்சிக்குப் போங்கள். மால்கானிஸைத் துரத்திக்கொண்டு பனி மூடிய நார்த்ரெண்ட் கண்டத்துக்குப் படையோடு போகிறான். திரும்பி வருமாறு நாட்டிலிருந்து ஆணை வருகிறது. வீரர்கள் வீடு திரும்பும் ஆவலோடு கரைக்கு விரைகிறார்கள். அவர்களுக்கு முன்பே இவன் கூலிப்படையினரை ஏவித் தன் கப்பல்களைத் தானே எரித்துவிடுகிறான். பிறகு, எரித்தவர்கள் இவர்கள்தாம் என்று அக்கூலிகளையே காட்டிக் கொடுத்து, வீரர்களைக்கொண்டு கொல்லச் செய்கிறான். இதற்கு எந்தக் கொள்ளைநோய் காரணம்? சாபம் பெற்ற வாள் என்று தெரிந்தே ஃபிராஸ்ட்மோர்னைக் கையில் எடுக்கிறான். அப்போது அடிபட்டு விழுந்த நண்பன் முராடினை அப்படியே விட்டுச் செல்கிறான். கடைசியில் நாடு திரும்பி, அவனை வரவேற்று ஊரார் மலர் தூவும் வேளையில், அரியணை மண்டபத்தில் தந்தையைக் கொல்கிறான்.

ஸ்ட்ராத்தோமில் ஒருவேளை மெய்யாகவே வேறு வழி இல்லாதிருக்கலாம். கப்பல் எரிந்த கரையில் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழி. ஆனால் ஒருமுறை அந்தச் சொல்லைச் சொல்லித் தப்பியவனுக்கு அது எவ்வளவு கைக்கு அடக்கமான கருவியாகிவிடுகிறது பாருங்கள்! முதலில் நிறுத்த வேண்டியிருந்தால் ஸ்ட்ராத்தோம் பிழை என்று ஆகிவிடும். அதை அவனால் தாங்க முடியாது. ஆகவே மேலே மேலே போகிறான். இதில் எனக்கு அவன்மேல் இரக்கம் வருகிறது, நன்றாகவே வருகிறது. விடுதலை மட்டும் வரவில்லை.

கதை எழுதியவர்கள் இந்த இடத்தில் நேர்மையாக இருந்தார்கள் என்பது என் கருத்து. 2002-இல் நமக்கு விருப்பத் தேர்வு எதையும் அவர்கள் தரவில்லை என்று சிலர் குறை கூறுகிறார்கள். நான் கூறமாட்டேன். தேர்வு இல்லாமல் ஆடியதால்தான், ஒரு நல்லவன் கை எப்படிப் பழகிப் போகிறது என்பதை நம் கையே அறிந்தது. எனக்குக் குறை 2008-இல் வந்ததன்மேல்தான். அவ்வாண்டு இணைய விளையாட்டில் 'ராத் ஆஃப் த லிச் கிங்' என்னும் விரிவு வந்தது. 2022-இல் அதைப் பழைய வடிவிலேயே மறுபடி வெளியிட்டபோதுதான் நம் விடுதியில் பலரும் அதை ஆடினோம். அதில் காலக் குகை வழியாக நாம் பின்னோக்கிப் போய், ஸ்ட்ராத்தோம் படுகொலைக்கு ஆர்தாஸோடு துணை நிற்க வேண்டும். ஏன்? வரலாற்றை மாற்ற ஒரு கூட்டம் முயல்கிறதாம். நடந்தது நடந்தபடியே நடக்க நாம் காவல் நிற்க வேண்டுமாம்! கொலைக்கு இருந்த கொஞ்சநஞ்சக் கூச்சத்தையும் இந்தக் காரணம் போக்கிவிட்டது. கடின நிலையில் ஆடி 25 நிமிடத்துக்குள் விரைந்து முடித்தால், ஏறிப் பறக்க ஒரு வெண்கல நிற டிராகன் வேறு பரிசு. நம் விடுதியில் அதை வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. அவரிடம் எனக்குப் பகை இல்லை, சிறிது பொறாமைதான்.

அந்த ஆட்டத்தின் தொடக்கத்தில் ஊதர், ஜெய்னா, ஆர்தாஸ் மூவரும் பேசும் காட்சி முழுவதும் வருகிறது. நாங்கள் ஐந்து பேர் ஆடிய இரவுகளில், அந்த நேரத்தில்தான் எல்லாரும் எழுந்து தேநீர் போடப் போவோம். முப்பது முறையாவது ஆடியிருப்பேன். ஊதர் சொன்னதை முழுதாக நான் கேட்டது வழக்காடு மன்றத்துக்குத் தயார் செய்தபோதுதான்.

வில்லனுக்கு இரங்கும் கதைகளில் இப்படி ஒன்று நேர்ந்துவிடுகிறது. அவன் கண்ணீருக்கு இடம் விடுவதற்காக மற்றவர்கள் நகர்ந்து கொள்கிறார்கள். லிச் கிங் ஆகிவிட்ட ஆர்தாஸுக்குள் எஞ்சிய மனிதத்தன்மையை ஒரு சிறுவன் உருவில் காட்டுகிறார்கள். கடைசியில் அவன் மாளும்போது தந்தையின் ஆவி அருகில் வந்து அமர்கிறது. பார்த்தவர்கள் பலர் கலங்கினார்கள்; நானும் கலங்கினேன். ஆனால் அதே விளையாட்டில் ஸ்ட்ராத்தோம் நகரம் 2004 முதல் எரிந்துகொண்டே இருக்கிறது. உள்ளே போனவர்களுக்குத் தெரியும். அங்கே மாண்ட 100 பேரில் ஒருவர் பெயரை நம் மண்டபத்தில் யாராவது சொன்னார்களா? என்னாலும் சொல்ல முடியவில்லை.

கம்பராமாயணத்தில் கும்பகருணனா, வீடணனா என்று நம் முன்னோர் பட்டிமன்றம் நடத்தி அலுக்கவில்லை. அண்ணன் செய்தது தவறு என்று இருவருக்கும் தெரியும். ஒருவன் இருந்து மாண்டான். ஒருவன் விலகிப் போனான். உள்ளம் கும்பகருணன் பக்கம் சாய்கிறது என்றாலும், விலகிப் போனவனுக்கும் கம்பன் வாய் நிறையப் பேச்சுக் கொடுத்தான். கேட்பவர்கள் தேநீருக்கு எழுந்து போகாதபடி கொடுத்தான். ஊதருக்கு அந்தப் பேறு இல்லை.

தேர்வு உரிமை கொடுத்தால் குறை தீருமா என்றால், அதையும் செய்து பார்த்தார்கள். ஆர்தாஸ் கொன்று ஆவியாக எழுப்பிய சில்வானாஸ் என்னும் பெண், பின்னாளில் ஹோர்ட் என்னும் அணியின் தலைவி ஆகிறாள். 2018-இல் வந்த கதையில் அவள் டெல்ட்ராசில் என்னும் மாமரத்தை, அதில் குடியிருந்த மக்களோடு எரிக்கிறாள். எதிரணியில் ஆடுபவர்களுக்கு ஒரு பணி: 900-க்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டும், தரப்படுவதோ சில நிமிடம். எவ்வளவு ஓடினாலும் ஒரு கைப்பிடி அளவு பேரைத்தான் மீட்க முடியும். இந்தக் காட்சியை எழுதியவர்களுக்கு என் வணக்கம். ஹோர்டில் ஆடுபவர்களுக்குப் பின்னர் ஓர் உரிமை தந்தார்கள்: மனம் பொறாமல் அவளை எதிர்த்த கிழவீரன் சார்ஃபாங் பக்கம் நிற்கலாம், அல்லது அவளுக்கே உண்மையாக இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும் என்ன ஆயிற்று? 2019-இல் அவன் அவளோடு தனிப்போர் புரிந்து மாண்டான். அவள் ஹோர்டை உதறிவிட்டுப் போனாள். இடையில் சிறு வேறுபாடுகள், அவ்வளவே. எதையும் மாற்றாத தேர்வைத் தருவதைவிடத் தராமல் இருப்பது மேல். ஆனால் 2022-இல் அவளுக்குத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை எரிந்த மரத்து மக்களின் தலைவி டைராண்டேயிடம் கொடுத்தார்களே, அது பொருத்தம். அவள் கொல்லவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. மாவ் என்னும் இருளுலகில் சிக்கிய ஒவ்வோர் உயிரையும் தேடி விடுவிக்கும்படி பணித்தாள். கணக்கு முதன்முறையாக எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது.

இவ்வளவு சூடாக நான் பேசுவது ஏன் என்று நண்பர்கள் கேட்டார்கள். முதலாண்டில் எங்கள் வகுப்பில் ஒரு மாணவரோடு யாரும் பேசக்கூடாது என்று முடிவாயிற்று. ஒரு சச்சரவில் அவர் மேலிடத்தில் முறையிட்டுவிட்டார் என்பது காரணம். முடிவு செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர்; எனக்குக் குறிப்பேடு தந்தவர்கள், காய்ச்சலில் கஞ்சி கொண்டு வந்தவர்கள். "வகுப்பு ஒன்றாக இருக்க வேண்டாமா? வேறு வழி இல்லை" என்றார்கள். இரண்டு மாதம் நானும் அவரோடு பேசவில்லை. மூன்றாம் பருவத்தில் அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்.

சென்ற வாரம் ஓர் இரவு பழைய விளையாட்டைத் திறந்து அந்த ஆட்டத்துக்குப் போனேன். ஊதர் பேசி முடித்துத் திரும்பி நடந்தார். நான் ஆர்தாஸை நகர வாயிலிலேயே நிறுத்தி வைத்தேன். எந்த வீட்டையும் தொடவில்லை. என் கணக்கு பூச்சியத்தில் நின்றது. மால்கானிஸின் கணக்கு மெல்ல ஏறியது. 40, 60, 90. நூறானதும் ஆட்டம் முடிந்தது. தோல்வி என்று திரையில் வந்தது. சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடி தொடக்கத்துக்குப் போய், வாயிலைத் தாண்டி, அடுத்த ஆட்டம் திறக்க வேண்டுமே என்று 100 பேரையும் கொன்றேன்.