பெற்றோல் மிச்சம், தொழில் நட்டம்

ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ படகின் பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் ஸ்டார்ட் வராவிட்டால், தோள் கழலும்வரை கயிறு இழுப்பதே எங்கள் முதல் வைத்தியம். அதில் பயனில்லை. இந்த எஞ்சின்கள் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பின்னர்தான் மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. கரைக்கு வருமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றாமல் நிறுத்தினால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். ஆறிய எஞ்சினில் அது இலகுவில் ஆவியாகாது, பிறகெப்படிப் பற்றும்? அதை வடித்துவிட்டுப் பெற்றோல் விடுங்கள். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள். எண்ணெய்த் தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, நிறுத்தும் சுவிட்சில் கிளிப் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். (கிளிப்பை மறந்துவிட்டு மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறவர்களும் உண்டு.)

போரின்போது, பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளையே சில சொட்டுப் பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்தக் கைப்பழக்கம் இன்னும் போகவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்தபோது சிக்கனம் மேலும் இறுகியதில் வியப்பில்லை. ஆனால் நிறுத்தும் நேரத்தில் மிச்சம் பிடிக்கும் அந்தக் கொஞ்சப் பெற்றோலால் மறுநாள் கடல் தொழிலே போய்விடும். தயவுசெய்து, கரை தெரிந்ததும் பெற்றோலுக்கு மாற்றுங்கள்.