நூலகம் பூட்டியபோது ஆய்விதழ் யாருக்குக் கிடைத்தது?

2020 மார்ச் 9 அன்று மகாராஷ்டிராவின் முதல் கொரோனா தொற்று புனேயில் உறுதியானது. அடுத்த 16 நாட்களில் நாடே முடங்கியது. கோந்த்வா பகுதிக் கல்லூரிகளில் படித்த வெளியூர் மாணவர்களும் ஊர் திரும்பினார்கள்.

'ஆய்விதழ்கள் இணையத்துலதானே இருக்கு, வீட்டிலிருந்தே படிக்கலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். சிக்கலே அங்கேதான்.

ஏன் திறக்கவில்லை?

பல ஆய்விதழ்கள் கல்லூரி வளாகத்தின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் திறக்கும். கல்லூரி சந்தா கட்டியிருந்தாலும், வளாகத்தைத் தாண்டினால் நீங்கள் வெளியாள்தான்.

நூலகங்கள் என்ன செய்தன?

காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையம் தரும் 'இன்ஃபெட்' வசதியில், கல்லூரி கொடுக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும், எங்கிருந்தும் படிக்கலாம். ஐஐடி கரக்பூரின் தேசிய டிஜிட்டல் நூலகம் இலவசம். திரும்பி வந்த புத்தகங்களைப் பல நூலகங்கள் 72 மணி நேரம் தனியே வைத்தன.

யார் விடுபட்டார்கள்?

தேசிய மாதிரி ஆய்வின்படி 2017-18இல் இணைய வசதி இருந்தது நகரங்களில் 42% வீடுகளில். கிராமங்களில் 15% மட்டுமே. கணினி கிராமங்களில் 4% வீடுகளில்தான். கடவுச்சொல் கையில் இருந்தாலும், கிராமத்து மாணவருக்குக் கதவு பாதிதான் திறந்தது.

இப்போது?

2025இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், ரூ.6,000 கோடியில் சுமார் 6,300 அரசு நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் தருகிறது. முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இல்லை. நீங்கள் தனியார் கல்லூரி மாணவரா? வளாகத்துக்கு வெளியே உள்நுழையும் வசதி உண்டா என்று நூலகரிடம் இன்றே கேளுங்கள். அடுத்த ஊரடங்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.