வானலை யாருடைய சொத்து?

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு வானொலி வெறும் பொழுதுபோக்குப் பெட்டியன்று. 1990களில் மின்சாரம் அற்று, பற்றறிகளும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட மக்கள் நாம். ஆகவே, வானொலியின் முறையையே மாற்றுவோம் என எவர் முன்வந்தாலும், அவரை நிறுத்தி வினவும் உரிமை நமக்குண்டு.

மேலைநாடுகள் இவ்வழியில் நெடுந்தூரம் சென்றுவிட்டன. நோர்வே 2017இல் தேசிய எப்.எம். ஒலிபரப்புகளை நிறுத்தி டிஜிட்டல் முறைக்கு மாறியது. புதிய கார்களிற் பொருத்தப்படும் வானொலி டிஜிட்டல் ஒலிபரப்பையும் ஏற்க வேண்டுமென்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் நடைமுறைக்குக் கொணர்ந்தது.

நமது நிலை யாது? ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் நம் வீதிகளில் மலிந்துள்ளன. ஜப்பானிய எப்.எம். அலைவரிசை 76 மெகாஹேர்ட்சில் தொடங்குவது, நமதோ 87.5 முதல் 108 வரை. அதனால் அக்கார்களின் வானொலிகள் நமது நிலையங்கள் பலவற்றைப் பிடிப்பதில்லை. ‘பாண்ட் எக்ஸ்பாண்டர்’ என்னும் சிறு கருவியைப் பூட்டியே கேட்கிறோம். அலைவரிசை வேறுபாட்டுக்கே இத்தனை பாடென்றால், முறையே மாறும்போது வாடகைக் காரோட்டியின் கதி என்ன? எப்.எம். வானொலிக்கு டிஜிட்டல் ஒலிபரப்பு வெறும் மௌனமே.

இதனினும் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. எப்.எம். முறையில் ஒவ்வொரு நிலையமும் தனக்கென ஓர் அலைவரிசையில் ஒலிக்கிறது. டிஜிட்டல் முறையிலோ பல நிலையங்கள் ஒரே அலைத்தொகுதியில் ஏறிச் செல்கின்றன. இது சிக்கனமான ஏற்பாடே, மறுப்பதற்கில்லை. ஆயின், அத்தொகுதியின் திறப்பு எவர் கையில் உள்ளதோ, அத்தனை குரல்களும் அவர் தயவில் வாழ வேண்டியவையாகும். தமிழ் ஒலிபரப்புக்கு அங்கே இடம் உண்டா, எவ்வளவு உண்டு என்பதை எவர் தீர்மானிப்பது?

1997இல் ஒலிபரப்பு அதிகாரசபை மசோதாவை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து எனவும், அரசாங்கம் மக்களுக்கான நம்பிக்கைப் பொறுப்பாளர் மாத்திரமே எனவும் கண்டது. பொறுப்பாளர் உரிமையாளரைக் கேளாமற் சொத்தின் தன்மையை மாற்றலாமா?

ஆதலின், அத்தகைய மாற்றம் இங்கு வருமுன் மூன்று நிபந்தனைகளை நாம் வற்புறுத்த வேண்டும். பாராளுமன்றத்தில் விவாதித்து இயற்றிய சட்டத்தாலன்றி எப்.எம். நிறுத்தப்படலாகாது. அலைத்தொகுதியில் தமிழ் ஒலிபரப்புக்குரிய இடம் அச்சட்டத்திலேயே உறுதிசெய்யப்பட வேண்டும். இறக்குமதியாகும் வாகனங்களில் டிஜிட்டல் வானொலி கட்டாயமாக்கப்பட்டு, பெரும்பாலான வாகனங்கள் அதனைப் பெறும்வரை இரு முறைகளும் உடன்நடக்க வேண்டும்.

புதுமைக்கு நாம் பகைவரல்லர். கேட்போரைக் கேளாது வரும் புதுமையையே எதிர்க்கிறோம்.