குருதியைக் கேட்போர் மருந்தையும் தரட்டும்

திருமணத்திற்கு முன் எச்.ஐ.வி. சோதனையைத் தமிழர்க்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று நம்மவர் சிலர் முழங்குகின்றனர். "நம் ஜொகூர்தானே வழிகாட்டியது!" என்பது அவர்தம் வாதம். உண்மைதான். 2001 நவம்பரில் முசுலிம் மணமக்களுக்கு இச்சோதனையை முதலில் கட்டாயமாக்கியது ஜொகூர் மாநிலம். பின்னர் மற்ற மாநிலங்களும் பின்பற்றின. ஆயினும் இதனால் நோய் அடங்கிவிடும் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

நோயைக் கணக்கெடுப்பதை நான் எதிர்க்கவில்லை. எச்.ஐ.வி., சிஃபிலிஸ், கொனோரியா ஆகியவற்றைக் கண்டறியும் மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம். எங்கே பரவுகிறது என்று அறியாமல் எதைத் தடுப்பது? ஆனால், மண்டபம் பதிவு செய்தபின் ஒருமுறை எடுக்கும் குருதி அன்றைய நிலையை மட்டுமே கூறும். அண்மையில் தொற்றியது முதல் சில வாரங்களுக்குச் சோதனையில் தென்படாமலும் போகலாம். மணமான பின் தொற்றுவதை எந்தச் சான்றிதழ் தடுக்கும்?

இதே நாட்டில் வேறொரு சோதனையும் நடக்கிறது. 1998 முதல் அரசாங்கத் தாய்சேய் நலக் கிளினிக்குகளில் கருவுற்ற பெண்களின் குருதி எச்.ஐ.வி.க்காகச் சோதிக்கப்படுகிறது. தொற்று இருந்தால் தாய்க்கு மருந்து, பிறந்த குழந்தைக்கும் மருந்து. விளைவு? தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிசும் பரவுவதை ஒழித்த நாடென 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாமே முதல் நாடு. (இதைப் பற்றி நம் மேடைகளில் ஒருவரும் பேசக் காணோம்!)

மறுபுறம், தொழிற்சாலைக்கு வரும் அந்நியத் தொழிலாளியைப் பாருங்கள். அவர்களுள் தமிழகத்துப் பிள்ளைகளும் உண்டு. மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தால் அவனுக்கு மருந்தன்று, விமானச்சீட்டுதான். அவ்வாறு அஞ்சுகிறவன் உடலில் புண் கண்டால் மருத்துவரிடம் போவானா, மறைப்பானா? மறைத்த நோய் எந்தக் கணக்கில் ஏறும்?

நம்மவர் கேட்கும் கட்டாயம் இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது? மருந்தைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. திருமணத்தை நிறுத்துவது பற்றியே பேசுகின்றனர். நாள்தோறும் மருந்துண்டு, குருதியில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழி தொற்று பரவுவதில்லை என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டது. அதையும் அவர்கள் சொல்வதில்லை.

ஸ்கூடாயில் நாளை ஒரு பெண்ணின் முடிவு 'உண்டு' என்று வந்தால், அத்தாளை முதலில் படிப்பவர் யார்? மருத்துவரா, மாமியாரா, சங்கத் தலைவரா? கட்டாயம் வேண்டுவோர் இதற்கு முதலில் விடை எழுதட்டும்.