கோப்பாயின் வரிப்பணமும் வொஷிங்டன் தரகரும்

ஓர் அரசின் நற்பெயருக்கு என்ன விலை? இலங்கை அரசு 2014 ஆம் ஆண்டில் அதற்கு ஒரு விலை பேசியது. ஆறு மாதங்களுக்கு 85 இலட்சம் அமெரிக்க டொலர்!

அதிகாரத்தில் இருப்போரிடம் கூலி பெற்றுக்கொண்டு ஒருவருக்காகப் பரிந்து பேசுவது அமெரிக்காவில் குற்றமன்று. 'லொபி' எனப்படும் அது அங்கே பகிரங்கமான தொழில். ஆனால், வேற்று நாட்டுக்காகப் பேசுபவர், யாருக்காக, எவ்வளவு பணத்துக்காகப் பேசுகிறார் என்பதை நீதித் திணைக்களத்தில் பதிய வேண்டும். நாஜிகளின் பிரசாரத்தை மனதிற் கொண்டு 1938 இல் இயற்றப்பட்ட வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டம் சொல்வது இதைத்தான். பேசுவது குற்றமல்ல, மறைப்பதே குற்றம்.

தமிழர் துன்புறுத்தப்பட்டனர் என்ற குற்றச்சாட்டினால் கெட்டுப்போன பெயரைச் சீர்செய்ய, கலிபோர்னியாவைச் சேர்ந்த இமாட் சுபேரி என்பவரைக் கொழும்பு அமர்த்தியது. ஒபாமாவுக்கும் ஹிலாரி கிளின்டனுக்கும் நிதி திரட்டியவர். பின்னர் டொனால்ட் ட்ரம்பின் பதவியேற்பு விழாக் குழுவுக்கு ஒன்பது இலட்சம் டொலர் வழங்கியவர். கட்சி அவருக்குப் பொருட்டல்ல, கதவு திறந்தாற் போதும். இலங்கை அனுப்பிய 65 இலட்சம் டொலரில் 56 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகையைத் தமக்கும் தம் மனைவிக்குமாகவே அவர் பயன்படுத்தினார் என்கிறது அமெரிக்க நீதித் திணைக்களம். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2021 பெப்ரவரியில் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் வொஷிங்டனில் இலங்கைத் தூதுவராக இருந்தவர் ஜாலிய விக்ரமசூரிய. மகிந்த ராஜபக்சவின் உறவினர். 2013 இல் தூதரகத்துக்குக் கட்டடம் வாங்கியபோது விலையைக் கூட்டிக் காட்டி 3,32,027 டொலரைத் திசைதிருப்பிய சதியை 2022 இல் அவரும் நீதிமன்றில் ஒப்புக்கொண்டார்.

இவை அமெரிக்கச் சங்கதிகள், கோப்பாய்க்கு என்ன என்று கேட்கலாம். 65 இலட்சம் டொலர் என்பது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 85 கோடி ரூபா. அது அரச பணம். கோப்பாய்ச் செம்மண்ணில் வெங்காயம் நட்டவர் கடையில் வாங்கிய சீனிக்கும் பருப்புக்கும் செலுத்திய வரியும் அதற்குள் உண்டு. அதே கோப்பாயில், மாவீரர் துயிலும் இல்லத்தின் கல்லறைகள் இடித்தழிக்கப்பட்ட நிலத்தில், 2011 மார்ச்சில் இராணுவத்தின் 51 ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. பிள்ளையின் கல்லறையை இழந்த தாயின் வரியும், அவள் முறைப்பாட்டை உலகம் கேளாதிருக்கச் செய்யும் தரகுக்கே போயிற்று. என்னை உறுத்துவது இதுதான். தரகர் திருடியது இரண்டாவது திருட்டு. முதலாவது, அந்த நோக்கத்துக்காக அந்தப் பணத்தை எடுத்தது.

நம்மவர் கணக்கையும் மறைக்கலாகாது. விடுதலைப் புலிகளை அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலிலிருந்து நீக்குவிக்க, இராஜாங்கத் திணைக்கள அதிகாரிகளென நம்பியோருக்கு இலஞ்சம் கொடுக்க முயன்றார்கள் என்று 2006 ஓகஸ்டில் நியூயோர்க்கில் வழக்குத் தொடரப்பட்டது. நியாயம் பக்கத்தில் இருக்கிறது என்று நம்புபவர் அதைக் கள்ளச் சந்தையில் விற்கப் போகலாமா? போனால், உண்மையான சாட்சியின் பேச்சும் கூலிப் பேச்சாகவே எண்ணப்படும்.

பணம் பலித்ததா? அமெரிக்கா முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தின்படி, 2014 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை தொடர்பான விசாரணைக்கு வழிவிட்டது. 2015 ஜனவரியில் ஆட்சியும் கவிழ்ந்தது. ஆனால் தரகுக்கு மட்டும் கெட்ட காலம் வரவில்லை. 2025 மே மாதத்தில் ஜனாதிபதி ட்ரம்ப் சுபேரியின் தண்டனையைக் குறைத்தார்.

அமெரிக்காவிலாவது நீதிமன்ற ஏடுகளில் தொகை, திகதி, பெயர் யாவும் பதிவாகியுள்ளன. அந்த ஒப்பந்தம் யாருடைய ஒப்புதலில் செய்யப்பட்டது, எந்தக் கணக்கிலிருந்து பணம் போனது என்ற விபரம் முழுவதையும் இலங்கைப் பாராளுமன்றம் மூன்று மொழிகளிலும் மக்கள் முன் வைக்க வேண்டும். வரி கட்டியவர்களுக்கு அந்தப் பற்றுச்சீட்டைக் கேட்கும் உரிமை உண்டு. கல்லறையை இழந்தவர்களுக்கு அந்த உரிமை இருமடங்கு.