பறைக்கு மேடை உண்டு, களம் எங்கே?

தலித் கலை பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். பறை இழிவா, விடுதலைக் கருவியா என்று முப்பது வருஷத்துக்கு மேல் வாதாடியிருக்கிறோம். அந்தப் பறையை எங்கே நின்று பழகுவது, அதற்கு யார் வாடகை கொடுப்பது என்கிற பேச்சை மட்டும் நமது கூட்டம் எதிலும் நான் கேட்டதில்லை. அது குழுவில் இருக்கிற பசங்க பாடு, அவங்களே பாத்துக்குவாங்க என்று விட்டுவிட்டோம். ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தையே ரெண்டாகப் பிரித்து வைத்திருக்கிற சமூகம் இது. இங்கே ஆடுகிற இடம் பற்றிய கேள்வி சாதி பற்றிய கேள்விதான்.

எங்கள் குழு திருமானூர் ஒன்றியத்தில் ஒரு காலனியைச் சேர்ந்தது. பன்னிரண்டு பேர். அதில் அய்ந்து பேர் பெண்பிள்ளைகள். கல்லூரிக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், சிமெண்ட் லாரியில் கிளீனராகப் போகிறவர் என்று கலந்த கூட்டம். எல்லோரும் ஒன்றாகக் கூட முடிகிற நேரம் ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான்.

பறையாட்டத்துக்கு வேண்டியது கொஞ்சம்தான். பன்னிரண்டு பேர் வட்டம் கட்டித் திரும்ப ஒரு சமதரை வேண்டும். வெளிச்சம் வேண்டும். மாட்டுத்தோல் ஈரத்தில் இளகிவிடும், காய்ச்சினால்தான் பேசும். அதற்கு வைக்கோல் கொளுத்த ஒரு மூலை வேண்டும். அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் சேர்ந்து விழுகிற சத்தத்தைக் கேட்டு முகம் சுளிக்காத அக்கம்பக்கம் வேண்டும். இந்தக் கடைசிச் சங்கதிதான் கிடைப்பதில்லை.

காலனித் தெரு அகலம் போதாது. போதினாலும் படிக்கிற பிள்ளை, படுத்த படுக்கையாய் இருக்கிற கிழவி என்று வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது. சமுதாயக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும். பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டால், ‘உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க’ என்று பதில். அதே மைதானத்தில் ஊர்ப் பையன்கள் விளக்குப் போட்டு வாலிபால் ஆடுவதற்கு யாரும் மனுப் போட்டதில்லை. கொள்ளிடத்து மணலில் ஆடிப் பார்த்தோம். கால் புதைகிறது, அடவு நிற்காது. இருட்டிய பிறகு பெண்பிள்ளைகளை அங்கே அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்? கடைசியில் காசு கொடுத்தே எடுப்போம் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டோம். ‘சாவு மேளம் மண்டபத்துக்குள்ள ஆகாது’ என்றார்கள். பள்ளி ஆண்டுவிழாவுக்குச் சினிமாப் பாட்டு ஆடிப் பழகும் பிள்ளைகளுக்கு அதே மண்டபம் திறந்துதான் கிடக்கிறது. ஆக, நம் காசுக்கும் தீட்டு உண்டு.

கொள்ளிடப் பாலத்தைத் தாண்டிப் போனால் திருவையாறு. ஆண்டுதோறும் தியாகராஜர் ஆராதனைக்குக் காவிரிக்கரையே அரங்கமாகிவிடுகிறது. அந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சிதைந்து கிடந்த தியாகராஜர் சமாதிக்கான நிலத்தை வாங்கி, 1920-களில் அங்கே கோயில் எழுப்பியவர் தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் நகைகளை விற்றுச் செய்தார். அப்படி இடம் வாங்கிக் கொடுத்தவரையே, பெண் என்பதால், ஆராதனையில் பாட விடவில்லை வித்வான்கள். அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாக ஒரு ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் கட்சிகள் ஒன்றாயின. இடம் யார் காசில் வந்தாலும் யார் அங்கே நின்று பாடலாம் என்பதைச் சாதியும் ஆண் அதிகாரமும்தான் தீர்மானித்தன என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற சாட்சி இது.

சதிராட்டம் பரதநாட்டியம் ஆன கதையும் இதுதான். 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திராவுக்கு முதலில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் நிழல் கிடைத்தது, பிறகு திருவான்மியூரில் விரிந்த வளாகம் கிடைத்தது. 1993-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கியது. அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த குடும்பங்களுக்கு 1947-இன் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது, கூடங்கள் வரவில்லை. ஒரு கலை ‘செவ்வியல்’ ஆவது என்றால் அதற்கு முதலில் நிலம், தரை, கூரை, சம்பளம் கிடைக்கிறது என்று பொருள். நம் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளையே பாருங்கள். நெடுங்காலமாக அங்கே மூன்றாண்டுப் பாடம் என்றால் குரலிசை, தேவாரம், பரதநாட்டியம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம். நாட்டுப்புறக் கலைகளுக்கு வார இறுதிப் பயிற்சி என்பதெல்லாம் ரொம்பப் பிற்பாடு வந்த யோசனை.

சென்னைக்குப் படிக்கப் போன எங்கள் பிள்ளைகள் அங்கே விசாரித்திருக்கிறார்கள். கண்ணாடி பதித்த சுவர், மரத்தரை, ஏசி எல்லாம் உள்ள ஸ்டுடியோவுக்கு மணிக்கு அய்ந்நூறு ரூபாய் கேட்டார்களாம். வாரம் ரெண்டு நாள், நாளைக்கு ரெண்டு மணி நேரம் என்றாலும் மாசம் எட்டாயிரம். 2025-26-க்கு நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். அதாவது ஒரு தாய் இருபத்துநாலு நாள் வெயிலில் நின்றால் ஒரு மாத ஸ்டுடியோ வாடகை. அதிலும் ஏசி அறையில் வைக்கோல் கொளுத்த முடியாது. ஃபைபர் பறை வாங்கிக்கொள் என்பார்கள். தோலைக் கைவிட்டால்தான் உள்ளே வரலாம் என்றால் அது யாருடைய நிபந்தனை?

நியூயார்க் பிராங்ஸில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் பொது அறையை வாடகைக்கு எடுத்து ஒரு கறுப்பினப் பெண் விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டுப் போட்டவர் அவளது அண்ணன் கூல் ஹெர்க். ஹிப்ஹாப் அங்கே பிறந்ததாகத்தான் இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். ஏழைக்குக் கட்டுப்படியாகிற ஒரு பொது அறை இருந்தது, கதவும் திறந்தது. நம் சமுதாயக்கூடங்களின் கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன.

நம் பக்கமும் திரும்பிப் பேச வேண்டும். ஒரு காலத்தில் ஊர் ஊராகச் சாவுக்கு அடிக்க மறுத்தோம், பறையைக் கொளுத்தினோம். அது சரியான கலகம். பிறகு அடிமைத் தொழிலிலிருந்து அதைப் பிடுங்கி நம் கருவியாக்கினோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழு 1990-களிலேயே பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. 2018-இல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்தது. 2020-இல் மார்கழியில் மக்களிசை வந்தது. 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீயும் வந்தாயிற்று. எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் இவையெல்லாம் மேடை. மாநாட்டு ஊர்வலத்துக்கு முன்னால் பறை வேண்டும் என்று கூப்பிடுகிற இயக்கத் தோழர்கள் வண்டிச் செலவு தருகிறார்கள், சாப்பாடு போடுகிறார்கள். எங்கப்பா பழகுறீங்க என்று ஒருத்தர் கேட்டதில்லை. ஆறு மாசம் பழகினால்தான் அரைமணி நேரம் அடிக்க முடியும் என்பது தெரியாமலா?

கெஞ்ச வேண்டியதில்லை, சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுகிற கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடுமிடம் எதையும் சாதியைச் சொல்லி யாருக்கும் மறுக்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15(2). 1927-இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் கை வைத்தது தண்ணீர்த் தாகத்துக்காக மட்டுமா? பொது என்பது எல்லாருக்கும் பொது என்று நாட்டவே. பள்ளி மைதானமும் சமுதாயக்கூடமும் அந்தக் குளம் மாதிரிதான். சத்தம் என்று சாக்குச் சொல்வார்கள். ஒலி மாசு விதிகள் 2000 இரவு என்று சொல்வது பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. நாங்கள் கேட்பது ஏழிலிருந்து ஒன்பது.

ஆகவே தோழர்கள் செய்ய வேண்டியது இருக்கிறது. கிராமசபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள்: காலனி சமுதாயக்கூடம் வாரம் மூன்று மாலை வாடகை இல்லாமல் கலைப் பயிற்சிக்குத் திறக்க வேண்டும், வாசலில் விளக்கு எரிய வேண்டும், சாவி குழுவிடம் இருக்க வேண்டும், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கல்லூரி மாணவர்கள் விடுதி முற்றத்தைக் கேளுங்கள். பறையை அழைக்கிற இயக்கங்கள் நிகழ்ச்சிச் செலவுக் கணக்கில் பயிற்சிக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அதுவரைக்கும் எங்கள் பிள்ளைகள் சும்மா இருக்கப்போவதில்லை. பூட்டிய சமுதாயக்கூடத்து வாசலிலேயே அடிப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். சத்தம் தாங்காதவர்கள் வந்து கதவைத் திறந்துவிடட்டும்.